பயன் என்ன என்று கேட்டார்கள்

சற்று நீண்ட பதிவு. ஆய்வு மாணவர்களும் அவர்களை நெறிப்படுத்துவோரும் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன். உடன்படாதோர் மறுத்து எழுதினால் இன்னும் மகிழ்வேன்.

சென்ற மாதம் எங்கள் துறையில் ஆண்டு மதிப்பீட்டுக் கூட்டம் நடந்தது. முண்டாரி மொழியின் ஒலிக்குறிப்புச் சொற்களைப் பற்றிய என் ஆய்வின் இரண்டாம் இயலை முன்வைத்துப் பேசினேன். முடித்ததும் குழுவிலிருந்த மூத்த பேராசிரியர் ஒருவர், கடுமையாக அல்ல, உண்மையான கனிவுடனேயே கேட்டார்: இவையெல்லாம் மொழியின் அணிகலன்கள்தாமே, பின்னிணைப்பில் வைத்துவிடலாமே, இவற்றை ஆராய்வதால் விளையும் பயன் என்ன?

நான் கூறிய விடைதான் இந்தப் பதிவுக்குக் காரணம். பேச்சை எழுத்தாக மாற்றும் மென்பொருள்களுக்கு இத்தகைய தரவு தேவைப்படும் என்றேன். பழங்குடிக் குழந்தைகளின் தாய்மொழிவழிப் பாடநூல்களுக்கு உதவும் என்றேன். குழு நிறைவடைந்தது. அறையை விட்டு வெளியே வந்தபோது எனக்கு நாணமாக இருந்தது. கூறியவற்றில் ஒன்றும் பொய்யில்லை. ஆனால் அவற்றுள் எதற்காகவும் நான் இந்த ஆய்வுக்கு வரவில்லை. ஜார்க்கண்டின் குந்தி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் மூதாட்டி ஒருவர் கதை சொல்லிக்கொண்டிருந்தார். கதையில் வரும் ஒரு மனிதரின் நடையை ஒரே சொல்லில் என் கண்முன் நிறுத்தினார். அந்தச் சொல் அழகாக இருந்தது. அதற்காகவே வந்தேன். அதை ஒரு பல்கலைக்கழகத்தின் கூட்ட அறையில் சொல்வதற்கு எனக்கு நா எழவில்லை.

இது என் கோழைத்தனம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் என்னுடையது மட்டுமன்று. கலையையும் அழகையும் காக்கப் புறப்படும் நம்மவர் அனைவருமே இன்று அவற்றை வேறு ஏதேனும் ஒன்றின் பெயரால்தான் காக்கிறோம். கைத்தறியா, வேலைவாய்ப்பு. இசையா, மன அழுத்தத்திற்கு மருந்து. ஓவியமா, சுற்றுலா வருவாய். இலக்கியம் படித்தால் பரிவுணர்வு வளரும், அது மேலாண்மைத் துறையில் வேண்டப்படும் திறன் என்றுகூட ஒரு கருத்தரங்கில் கேட்டேன். இவ்வாறு வாதிடும்போது எதிர்த்தரப்பின் துலாக்கோலை நாமே கையில் எடுத்துக்கொள்கிறோம். அந்தத் துலாக்கோலில் ஒருநாள் எடை குறைந்தால், அதாவது அதே வேலைவாய்ப்பை ஒரு தொழிற்கூடம் மலிவாகத் தந்துவிட்டால், தறியைக் காக்க நம்மிடம் ஒரு சொல்லும் மிஞ்சாது.

இந்தச் சிந்தனைக்கு அடியில் ஒரு வரிசைமுறை இருக்கிறது. முதலில் சோறு, பிறகு கூரை, பிறகு கல்வி. எல்லாம் நிறைந்து ஏதேனும் மிச்சமிருந்தால் அழகு. ஏழை நாட்டில் அழகைப் பற்றிப் பேசுவதே ஒருவகை இரக்கமின்மை என்று இந்த வரிசை நமக்குக் கற்பித்திருக்கிறது. கேட்பதற்கு அறம் போலவே ஒலிக்கும். ஏழைகள் யாரும் இந்த வரிசையில் வாழ்வதில்லை என்பதுதான் இதில் உள்ள இடர்.

ஹசாரிபாக் பகுதிச் சிற்றூர்களுக்குச் சென்றவர்கள் இதைக் கண்டிருப்பார்கள். தீபாவளியை ஒட்டி வரும் சோராய் அறுவடைத் திருநாளின்போது பெண்கள் தங்கள் மண்வீட்டுச் சுவர்களைப் புதிதாக மெழுகி, காளையும் மயிலும் யானையும் கொடியுமாக வரைகிறார்கள். வண்ணங்கள் அனைத்தும் அக்கம்பக்கத்து மண். திருமணக் காலத்தில் வரையும் கோவர் ஓவியத்தின் முறை வேறு. கரிய மண்ணைப் பூசி உலரவிட்டு, அதன்மேல் வெண்களிமண்ணைப் பூசி, அது ஈரமாயிருக்கும்போதே உடைந்த சீப்பாலோ விரல்களாலோ வழித்தெடுப்பார்கள். வெள்ளைக்கு அடியிலிருந்து கறுப்பு வெளிப்படும். வரைபவர் தயங்க முடியாது, களிமண் உலர்ந்துவிடும். வயலிலும் அடுப்படியிலும் நாள் முழுதும் உழைத்த கை அது. அடுத்த மழையில் இவற்றுள் பெரும்பகுதி கரைந்துபோகும் என்பது அவர்களுக்குத் தெரியும். மறு ஆண்டு மீண்டும் வரைவார்கள்.

சோறு நிறைந்த பின்னர் வரைந்தவை அல்ல இந்தச் சுவர்கள். அறுவடை பொய்த்த ஆண்டிலும் சுவர் மெழுகப்பட்டதாகவே எனக்குச் சொன்னார்கள். 2020இல் சோராய், கோவர் ஓவியங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, நல்லதே. உடனே நம் கருத்தரங்குகளில் அது 'சந்தை வாய்ப்பு' என்ற தலைப்பின்கீழ்ச் சென்று அமர்ந்துகொண்டது. துணியிலும் தாளிலும் வரைந்து விற்பவர்களின் வருமானத்தை நான் இழிவாக எண்ணவில்லை. ஆனால் விற்க முடியாத சுவரில், மழை கொண்டுபோகப்போகும் சுவரில், அவர்கள் ஏன் வரைந்தார்கள் என்ற கேள்விக்கு அந்தத் தலைப்பின்கீழ் விடை இல்லை.

அரசின் வீட்டுவசதித் திட்டத்தில் இன்று அங்கெல்லாம் சிமெண்டு வீடுகள் எழுகின்றன. மண்வீடே இருக்கட்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. ஒழுகாத கூரை எவருக்கும் வேண்டும். அதை மறுக்கும் உரிமை விடுதியறையில் அமர்ந்து எழுதும் எனக்கு இல்லை. நான் கேட்பது வேறு. அந்த வீட்டின் வரைபடத்தில் அறையின் நீளமும் அகலமும் இருக்கின்றன, கழிப்பறை இருக்கிறது, ஆண்டுதோறும் சுவரில் வரையும் ஒரு பெண் அந்த வீட்டில் வாழப்போகிறாள் என்பதற்கு அதில் ஓர் அடையாளமாவது இருக்கிறதா? அவளுடைய தேவைகளை எண்ணிப் பட்டியலிட்டவர்களுக்கு அது ஒரு தேவையாகவே தோன்றவில்லை. அவளுக்கு எது இன்றியமையாதது என்று அவளைக் கேட்காமல் முடிவுசெய்துவிட்டு, அந்த முடிவுக்கு ஏழைகள்மீதான அக்கறை என்று பெயரிட்டிருக்கிறோம்.

என் துறைக்கு வருகிறேன். மொழியியலில் இதே வரிசைமுறை இன்னும் நாகரிகமான உடையில் உலவுகிறது. சொல்லுக்கும் பொருளுக்கும் இடையேயான உறவு இடுகுறி என்பது நவீன மொழியியலின் அடித்தளக் கொள்கை. அதற்கு இடையூறாக நிற்கும் ஒலிக்குறிப்புச் சொற்களை, அவை மொழியமைப்பின் உயிருள்ள உறுப்புகள் அல்ல, எண்ணிக்கையிலும் சொற்பமே என்று சசூர் ஒதுக்கினார். அவரது விரிவுரைகள் நூலாக வெளிவந்தது 1916இல். பிரெஞ்சிலிருந்து பார்த்தால் அப்படித் தோன்றியிருக்கலாம். குந்தியிலிருந்து பார்த்தால் அப்படித் தோன்றாது. தமிழிலிருந்து பார்த்தாலும் தோன்றாது.

தமிழ் அறிந்தவர் எவரையும் கேளுங்கள். துலக்கிய பித்தளைக் குடம் பளபளக்கும். பொன் தகதகக்கும், தீயும் அப்படியே. எண்ணெய் தேய்த்த மேனி மினுமினுக்கும். இளங்கீரை தளதளவென்று இருக்கும். இவற்றை இடம் மாற்றிப் பாருங்கள், கீரை தகதகத்தால் சிரிப்புத்தான் வரும். ஒளியின் இத்தனை வகைகளை வேறுபடுத்தும் இந்தச் சொற்களை, 'ஒளிர்' என்ற ஒற்றை வினைக்கு மேல் போட்ட நகைகள் என்று எவரால் சொல்ல முடியும்? நகையைக் கழற்றினால் ஆள் எஞ்சுவார். இங்கே கழற்றினால் என்ன எஞ்சுகிறது? தொல்காப்பியம் இரட்டைக்கிளவியைக் கிளவியாக்கத்தில், சொல்லதிகாரத்தின் முதல் இயலிலேயே எடுத்துக்கொள்கிறது. இசை, குறிப்பு, பண்பு என்னும் மூன்றின் வழியே தோன்றும் உரிச்சொற்களுக்கு ஓர் இயலையே ஒதுக்குகிறது. பின்னிணைப்பில் வைக்கவில்லை.

எமனோ 1969இல் எழுதிய கட்டுரையொன்றில், இத்தகைய சொற்கள் இந்தோ-ஆரிய, திராவிட, முண்டா மொழிகள் அனைத்திற்கும் பொதுவான கூறு என்றும், இந்தியாவை ஒரு மொழியியல் நிலப்பரப்பாகக் காட்டும் சான்றுகளுள் ஒன்று என்றும் நிறுவினார். ஒருவரோடொருவர் போரிட்டும் வணிகம் செய்தும் மணம் கலந்தும் வாழ்ந்த மக்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டவற்றுள், பிறர் 'அணிகலன்' என்று ஒதுக்கிய இதுவும் ஒன்று. முண்டாரியில் 'ரிபுய்-திபுய்' என்று ஒரு சொல் உண்டு. பருத்த ஒருவர் நடக்கையில் பின்புறம் அசையும் காட்சியும் ஓசையும் இயக்கமும் அந்த ஒரே சொல்லில் அடங்கும். (மதிப்பீட்டுக் கூட்டத்தில் இந்த எடுத்துக்காட்டைச் சொன்னபோதுதான் அறையில் முதன்முதலாகச் சிரிப்பு எழுந்தது. அதற்குப் பிறகுதான் பயன் பற்றிய கேள்வியும் வந்தது என்பதைக் குறித்துவைக்கிறேன்.)

கதை சொன்ன அந்த மூதாட்டியிடம், களப்பணியின் தொடக்கத்தில், நான் ஒரு மடமை செய்தேன். வினைகளின் வடிவத்தைப் பதிவுசெய்வது எனக்கு எளிதாக இருக்கும் என்பதற்காக, அந்த இரட்டைச் சொற்கள் இல்லாமல் அதே கதையை மறுபடி சொல்லுமாறு கேட்டேன். அவர் முயன்றார். இரண்டு வாக்கியங்களுக்குமேல் செல்லவில்லை. பக்கத்திலிருந்த தம் பேத்தியைப் பார்த்து ஏதோ சொல்ல, அவள் சிரித்தாள். பின்னர் எனக்கு விளக்கினார்கள்: ஆள் போனான், ஆள் வந்தான் என்று சொல்வதற்கு நான் எதற்கு, அதை நீயே சொல்லிக்கொள்ளலாமே என்று கேட்டாராம்.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடக்கூடும். ஒளியின் வகைகளை வேறுபடுத்துகிறது, மொழிகளின் உறவைக் காட்டுகிறது என்றெல்லாம் நீயும் பயனைத்தானே பேசுகிறாய் என்பார். உண்மைதான், பழக்கம் எளிதில் விடுவதில்லை. ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்தச் சொற்கள் எந்த உறவையும் காட்டாவிட்டாலும், எந்த மென்பொருளுக்கும் உதவாவிட்டாலும், அவை ஆராயத்தக்கவை. அவற்றை வாயால் சொல்வதிலும் காதால் கேட்பதிலும் மனிதர்கள் மகிழ்கிறார்கள். அந்த மகிழ்ச்சிக்காக அவற்றைத் தலைமுறைகளாகத் தீட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு செயலை ஏன் செய்கிறோம் என்று அடுக்கிக்கொண்டே போனால், எங்கோ ஓரிடத்தில் 'இதற்காகத்தான்' என்று நின்றாக வேண்டும். உடல்நலம் எதற்கு, வருவாய் எதற்கு, வளர்ச்சி எதற்கு என்று கேட்டு வாருங்கள். நிற்குமிடத்தில் ஒரு பாட்டோ, மெழுகிய சுவரோ, நண்பர்களோடு ஒரு மாலையோதான் இருக்கும். பயனின் கணக்கு முழுவதும் சென்று சேரும் இடத்தை நோக்கியே உன் பயன் என்ன என்று கேட்பது கணக்குப் பிழை.

இந்தக் குடியரசைத் தொடங்கியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. 1938இல் ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்கு நந்தலால் போஸை வரவழைத்து, சிற்றூர் மக்கள் காணும்படி பந்தல்களை ஓவியங்களால் நிறைக்கச் செய்தவர் காந்தி. இடைத்துணியோடு வாழ்ந்த அவரைவிட எளிமையை அறிந்தவர்களா நாம்? செம்மானும் மத்தளம் கொட்டுபவனும் பருத்தி நூற்பவளும் அந்த ஓவியங்களில் இருந்தார்கள். பத்தாண்டுகளுக்குச் சற்றுப் பின்னர் அரசமைப்புச் சட்டம் எழுதப்பட்டபோது, பிரிவினையின் அகதிகள் முகாம்களில் இருந்தார்கள். உணவுப் பங்கீடு நடைமுறையில் இருந்தது. தானியம் கப்பலில் வந்தது. அச்சுப்பொறிகளும் இருந்தன. இருந்தும் அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் படியை பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா கையால் எழுதினார். நந்தலால் போஸும் சாந்திநிகேதன் கலைஞர்களும் அதன் பகுதிகளுக்கு ஓவியம் தீட்டினார்கள். 1950 ஜனவரி 24 அன்று உறுப்பினர்கள் கையொப்பமிட்டது அந்தப் படியில்தான். பசித்த நாட்டுக்கு எதற்கு இந்த வேலைப்பாடு என்று ஒருவர் கேட்டிருக்கலாம். மதிப்புக்குரிய ஒன்றை மதிப்போடு எழுத வேண்டும் என்பதைத் தவிர வேறு விடை அதற்கு இல்லை.

அதே அரசு பின்னாளில் தில்லியில் செய்ததையும் பார்ப்போம். விடுதலையின் 25ஆம் ஆண்டையொட்டி 1972இல் பிரகதி மைதானத்தில் 'ஹால் ஆஃப் நேஷன்ஸ்' கட்டப்பட்டது. கட்டடக் கலைஞர் ராஜ் ரேவால்; கட்டமைப்புப் பொறியாளர் மகேந்திர ராஜ். முக்கோணங்களாகக் கோத்த சட்டகத்தாலான மாபெரும் மண்டபம், நடுவில் ஒரு தூண்கூட இல்லாதது. பிற நாடுகளில் இத்தகைய சட்டகத்தை எஃகில் கட்டுவார்கள். இங்கே அன்று எஃகு அரிது, விலையும் மிகுதி. ஆகவே கம்பி கட்டிய கான்கிரீட்டில், தொழிலாளர்களின் கைகளால், இருந்த இடத்திலேயே வார்த்தெடுத்தார்கள். சட்டகத்தின் ஆழமே வெயிலைத் தடுத்தது; பழைய வடநாட்டு மாளிகைகளின் கற்பலகணி போல ஒளியைத் துண்டு துண்டாக உள்ளே விட்டது. பற்றாக்குறையே அந்த வடிவத்தை ஈன்றது எனலாம். எல்லாம் நிறைந்த பின்னரே அழகு என்னும் வரிசைக்கு இதைவிடப் பெரிய மறுப்பைக் கான்கிரீட்டில் எழுத முடியாது.

2017 ஏப்ரலில், இரவோடிரவாக, அது இடிக்கப்பட்டது. உலகின் பல அருங்காட்சியகங்களும் கட்டடக் கலைஞர்களும் காக்கும்படி வேண்டியிருந்தார்கள். 60 ஆண்டு நிறைவடையாத கட்டடங்களை மரபுச் சின்னமாகக் கருத இயலாது என்று அதற்கான குழு கூறிவிட்டது. (அரசு ஊழியர் ஓய்வுபெறும் வயதில்தான் ஒரு கட்டடத்துக்கு அழகாயிருக்கும் உரிமை பிறக்கிறது போலும்.) அங்கே 2023இல் பாரத் மண்டபம் திறக்கப்பட்டது, குளிரூட்டப்பட்டது, பேருரு கொண்டது, ஜி20 மாநாட்டை நடத்தியது. பயன்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுவேதான் என் கவலை. பயன் ஒன்றே அளவுகோலாக இருக்கும்வரை, இடித்தவர்களிடம் நாம் தோற்றுக்கொண்டே இருப்போம். ஏனெனில் அந்த ஆட்டத்தில் அவர்கள் நேர்மையாகவே வெல்கிறார்கள். இதற்கிடையே 2022இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம், விடுதலைக்குப் பிந்தைய தெற்காசியக் கட்டடக் கலை பற்றிய கண்காட்சி ஒன்றை நடத்தியது. இடிக்கப்பட்ட நம் மண்டபத்தைக் காண விரும்பியவர்கள் அங்கே போய்க் கண்டார்கள்.

கல்வி நிறுவனங்களாவது வேறுவிதமாக நடக்கும் என்று நம்பியிருந்தேன். அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் லூயி கான் வடிவமைத்த 18 விடுதிக் கட்டடங்களுள் 14ஐ இடிக்கும் திட்டம் 2020 டிசம்பரில் வெளிவந்தது. எதிர்ப்பு எழவே 2021இன் முதல் நாளில் திரும்பப் பெறப்பட்டது. 2022 நவம்பரில் மீண்டும் எழுந்தது. நிலநடுக்கத்தின் சேதம், நீர்க்கசிவு, மாணவர் பாதுகாப்பு என்ற காரணங்கள் பொய்யல்ல. ஆயினும் அதே வளாகத்தின் நூலகம் செவ்வனே புதுப்பிக்கப்பட்டு, 2019இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதும் பெற்றிருக்கிறது. ஒன்றைக் காக்க முடிந்த கைகளுக்கு மற்றவற்றை ஏன் காக்க முடியவில்லை என்ற கேள்விக்குப் பொறியியல் மட்டும் விடையாகாது.

இனி, எனக்கு மெய்யாகவே கடினமான மறுப்புக்கு வருகிறேன். இது மேலாண்மையாளர்களிடமிருந்து வருவதில்லை. என் தோழர்களிடமிருந்து வருகிறது. அழகு என்பதே ஆதிக்கத்தின் அளவுகோல். எது செவ்வியல், எது வெறும் நாட்டார் வழக்கு, யாருடைய தோல்கருவி இசை, யாருடையது இரைச்சல் என்று தீர்ப்பளித்தே சாதி தன்னை நுண்மையான ரசனையாகக் காட்டிக்கொண்டது. ஆகவே இந்தச் சொல்லையே கைவிடுவோம் என்கிறார்கள். வரலாற்றுப் பகுதியை ஒரு சொல் விடாமல் ஏற்கிறேன். முடிவை ஏற்கவில்லை. ஒருவனுடைய கருவியை இரைச்சல் என்று இழித்தவர்களுக்கு விடை, இசை என்ற சொல்லைக் குப்பையில் எறிவதா? கருவியை மேடையின் நடுவில் கொண்டுவந்து வைப்பதா? 1982இல் போபாலின் பாரத் பவன் திறக்கப்பட்டபோது, அதன் ஓவியப் பிரிவை உருவாக்கிய ஜே. சுவாமிநாதன் நகர்ப்புற நவீன ஓவியங்களையும் ஆதிவாசிக் கலைஞர்களின் படைப்புகளையும் ஒரே நிறுவனத்தின்கீழ் நிகராக வைத்தார். பட்டன்கர் என்னும் சிற்றூரிலிருந்து வந்த ஜங்கர் சிங் ஷ்யாம் அங்கேதான் உலகம் அறிந்த ஓவியரானார். அந்த முயற்சியின் குறைகளைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் 'அழகு' என்ற சொல்லை ஒரு தரப்புக்கு எழுதிக்கொடுத்துவிட்டு விலகியவர்கள் இவ்வளவுகூடச் செய்ததில்லை. நாம் அதைக் கைவிட்டால் அது மறையாது. விளம்பர நிறுவனங்களும், கோயில் வளாகங்களை ஒளிவெள்ளத்தில் மூழ்கடிக்கும் ஒப்பந்தக்காரர்களும் மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்வார்கள்.

என் மதிப்பீடு நடந்த அறையைப் பற்றியும் ஒரு சொல். சன்னல்கள் இரும்பு அலமாரிகளால் மறைக்கப்பட்டிருந்தன. பேச்சாளருக்குப் பின்னால், முந்தைய கருத்தரங்கின் நெகிழிப் பதாகை. குழல்விளக்குகளுள் ஒன்று இமைத்துக்கொண்டே இருந்தது. அழகியலில் தாள் எழுதியவர்கள் இருவராவது அந்த அறையில் அமர்ந்திருந்தோம். அலமாரியை நகர்த்த ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். அதற்கு எந்த நிதியும் வேண்டியிருக்கவில்லை.

திருத்திய இயலை வரும் வாரம் நெறியாளரிடம் தர வேண்டும். மென்பொருள் பற்றிய பத்தியை நீக்கிவிட்டேன். மூதாட்டியின் கதையை முழுமையாக, அந்தச் சொற்கள் அனைத்தோடும், இயலின் தொடக்கத்தில் வைத்திருக்கிறேன். பயன் என்ற துணைத்தலைப்பு படிவத்தில் கட்டாயம் என்பதால் அதை நீக்க முடியவில்லை. அதன்கீழ், இவை கேட்பதற்கு அழகானவை, பேசுவோர் அவற்றைப் பேணுகிறார்கள், எவ்வாறு பேணுகிறார்கள் என்பதை இவ்வாய்வு விளக்கும் என்று எழுதியிருக்கிறேன். உதவித்தொகை நீட்டிப்பு இந்தப் படிவத்தைப் பொறுத்தது. என்ன ஆனது என்று பின்னர் எழுதுகிறேன்.